சடையாண்டி பார்க்காத புலி

ஒரு காட்டில், மூங்கில் வெட்டி வெளியான மேட்டில், ஒரு காட்டுப்பன்றி விடுதி கட்டியது. கட்டி முடிக்கும்வரை அதன் பெயர் வெறும் வராகன். வாசலில் மாவிலைத் தோரணம் ஏறிய அன்றே வராகமூர்த்தி முதலாளி ஆகிவிட்டார். பழைய கதைகளில் காட்டுக்குச் சிங்கம் ராஜாவாக இருக்கும். இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. இருந்திருந்தாலும் விடுதி வாசலில் வாட்ச்மேனாகத்தான் நின்றிருக்கும்.

விடுதிக்குச் சனி ஞாயிறுகளில் பட்டணத்திலிருந்து நாய்கள் வேன் பிடித்து வந்து இறங்கும் என்பது ஏற்பாடு. நாய் என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். விருந்தினர் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாரும் சாதி நாய்கள். லேப்ரடார், பொமரேனியன், பக் என்று முகத்தைப் பார்த்தே விலை சொல்லிவிடலாம். இவர்களுக்குத் தமிழ் தெரியாது. பட்டணத்து வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் தமிழில் சண்டை போட்டுக்கொள்வார்கள்; நடுவில் நாய் வந்துவிட்டால் சட்டென்று மாறி, கம், சிட், நோ என்பார்கள். தமிழ் தெருநாய்க்கு. அதுவும் இரண்டு சொல்தான், ச்சூ, போ.

விருந்தினர்கள் காட்டுக்கு வருவது ஒரே ஒரு காரியத்துக்காக. புலி பார்க்க. அதைக் காட்டிக் கொடுக்க ஒரு கைடு வேண்டும். அந்தக் கைடுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்.

விடுதிக்குப் பின்னால் இருந்த பாறைக் குகையில் சடையாண்டி என்ற கரடி குடியிருந்தான். மனைவி பேச்சியம்மாவுக்கு நிறைமாதம். சடையாண்டி கரையான் புற்றை உடைத்து உறிஞ்சுவான். இலுப்பைப் பூ உதிர்ந்தால் பொறுக்குவான். முதுகு அரித்தால் மரத்தில் தேய்ப்பான். அதற்குமேல் அவனுக்கு வாழ்க்கையோடு பேச்சுவார்த்தை எதுவும் இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் முதலாளி குகைக்கு வந்தார். உள்ளே தலையை நீட்டி உறுமிப் பார்த்தார்.

"சடையாண்டி, இதுக்குள்ள ஜெனரேட்டரை வெச்சா சத்தம் வெளிய வராதுன்னு இன்ஜினியர் சொல்றாரு."

இன்ஜினியர் என்றது பின்னால் நின்ற பெருச்சாளியை. அது பாறையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டியது.

"முதலாளி, வீட்ல மாசமா இருக்கா."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். வேலையாளா இருந்தா குவார்ட்டர்ஸுன்னு குடுத்துடலாம். வெளியாளுக்கு எந்தக் கணக்குல குடுக்கறது?"

"என்ன வேலை இருக்கு முதலாளி?"

"கைடு. இங்கிலீஷ் வருமா?"

சடையாண்டிக்குத் தமிழே தேவைப்பட்டபோதுதான் வரும். ஆனால் பேச்சியம்மா உள்ளேயிருந்து, "வரும்னு சொல்லுங்க" என்றாள். சொன்னான்.

மறுநாள் ஜெனரேட்டர் வந்து குகை வாசலில் இறங்கியது. மேலே நீல நிறத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதன் மேல் இடித்துக்கொண்டுதான் போய்வர வேண்டியிருந்தது.

ஏரிக்கரையில் எஸ்தர் டீச்சர் ஆங்கில வகுப்பு நடத்தினார். டீச்சர் ஒரு கூழைக்கடாப் பறவை. பல கடல் தாண்டிப் போய்வந்தவர். அலகுக்குக் கீழே தொங்கும் பையில் மீன் பாதி, ஆங்கிலம் பாதி வைத்திருப்பதாகக் காட்டில் நம்பிக்கை. கட்டணமும் மீனாகவே வாங்கிக்கொண்டார்.

வகுப்பில் சடையாண்டிக்கு முன்வரிசை கிடைத்தது. பக்கத்தில் சிங்காரம் என்ற நரி. ஒரு இன்ஜினியரிங் கல்லூரி விடுதியின் குப்பைத்தொட்டியில் சில வருஷம் சாப்பிட்டவன். அந்தச் சாப்பாட்டோடு கொஞ்சம் ஆங்கிலமும் உள்ளே போயிருந்தது. அவனுக்கும் அந்தக் கைடு வேலைமேல் கண். கடைசி வரிசையில் மரகதம். காட்டிலிருந்த ஒரே புலி. அவள் வகுப்புக்கு வருவது ஏரிக்கரை நிழல் நன்றாக இருப்பதால். பாடம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். யாரும் எழுப்புவதில்லை.

"இன்னைக்குப் பிரசன்ட் பெர்ஃபெக்ட்" என்றார் டீச்சர். "ஒரு காரியம் நடந்து முடிஞ்சிருக்கு. ஆனா எப்போன்னு சொல்லக் கூடாது. நேத்து, முந்தாநேத்து எல்லாம் இந்த வாக்கியத்துக்குள்ள வந்தா தப்பு."

சிங்காரம் எழுந்து நின்றான். "நடந்துச்சுன்னு சொன்னாப் போதும், எப்ப நடந்துச்சுன்னு சொல்ல வேணாமா டீச்சர்?"

"வேணாம்."

"நமக்குன்னே பண்ணின மொழி டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

கரையில் எருமை ஒன்று நின்றிருந்தது. டீச்சர் அதைத் திருப்பி நிறுத்தி, தலையைக் காட்டினார். "இது ஹேவ்." பின்பக்கத்தைக் காட்டினார். "இது சீன். ஐ ஹேவ் சீன். நான் பார்த்திருக்கேன். சரியா? இப்ப முதுகைப் பாருங்க."

எருமையின் முதுகில் உண்ணிக்கொக்குகள் உட்கார்ந்திருந்தன.

"எவர், நெவர், ஜஸ்ட், ஆல்ரெடி. இந்த நாலும் கொக்கு. தலைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல முதுகுலதான் உட்காரும். ஐ ஹேவ் ஜஸ்ட் சீன், இப்பத்தான் பார்த்தேன். ஐ ஹேவ் ஆல்ரெடி சீன், ஏற்கெனவே பார்த்தாச்சு. ஐ ஹேவ் நெவர் சீன், பார்த்ததே இல்லை. எவர்ங்கறது கேள்விக் கொக்கு. எப்பவாச்சும் பார்த்திருக்கியான்னு கேக்கணும்னா, ஹேவ் யூ எவர் சீன்?"

"யெட்டுன்னு ஒண்ணு சொன்னீங்களே டீச்சர்?" என்றான் சடையாண்டி.

டீச்சர் எருமையின் வாலைப் பிடித்துத் தூக்கினார். "இதுதான் யெட். கடைசியிலதான் வரும். நாட் யெட்டுன்னா இன்னும் இல்லைன்னு அர்த்தம். இன்னும் இல்லை, ஆனா வரலாம். வால் ஆடிக்கிட்டே இருக்கு பாருங்க."

எருமை வாலை விடுவித்துக்கொண்டு நகர்ந்துவிட்டது. பாதிக் கொக்குகள் பறந்தன. பாடம் தொடர்ந்தது.

"அடுத்தது ஆள் தெரியாத சொற்கள். கேள்வின்னா எனிஒன், எனிதிங். ஆமான்னா சம்ஒன், சம்திங். இல்லைன்னா நோ ஒன், நத்திங்."

"என் தேனை யாரோ எடுத்துட்டாங்கன்னு சொல்லணும்னா?" என்றான் சடையாண்டி.

"சம்ஒன் ஹேஸ் டேக்கன் மை ஹனி."

"யாருன்னு தெரிஞ்சா?"

வகுப்பு முழுவதும் திரும்பிச் சிங்காரத்தைப் பார்த்தது. சிங்காரம் ஏரியைப் பார்த்தான்.

"தெரிஞ்சா பேரைச் சொல்லணும்" என்றார் டீச்சர்.

"தெரிஞ்சும் சொல்லப் பயமா இருந்தா?"

"அதுக்குத்தானே சம்ஒன்."

சிங்காரத்துக்கு எல்லாம் உடனே பிடிபட்டது. சடையாண்டிக்கு எதுவும் இடத்தில் உட்காரவில்லை. கொக்கை வாலில் உட்கார வைத்தான். வாலைத் தலையில் முளைக்க வைத்தான். "ஐ ஹேவ் நேத்து சீன்" என்றான். "ஐ ஹேவ் நாட் சீன் நோ ஒன்" என்றான். ஒரு வாக்கியத்தில் ஒரு இல்லைதான் குடியிருக்கலாம், இரண்டு இல்லை சேர்ந்தால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் என்று டீச்சர் விளக்கினார். சடையாண்டி வியர்த்துக்கொண்டு நின்றான். கரடிக்கு வியர்ப்பது வெளியே தெரியாது. டீச்சருக்குத் தெரிந்தது.

வகுப்பு கலைந்த பிறகு அவனை நிறுத்திவைத்தார்.

"பேச்சியம்மாவுக்கு எப்போ?"

"ரொம்ப நாள் இல்ல டீச்சர்."

டீச்சர் யோசித்தார். "வாக்கியம் எல்லாம் உங்களுக்கு வேணாம். நெவர், நோ ஒன், நத்திங், நாட் யெட். இதுகளைத் தனியா சொன்னாலும் தப்பே கிடையாது. முன்னாடி பின்னாடி எதையும் ஒட்ட வேண்டாம். யாராச்சும் ஏதாச்சும் கேட்டா இதுல ஒண்ணைச் சொல்லுங்க. மிச்சத்தை அப்பறம் பார்த்துக்கலாம்."

"எல்லாம் இல்லைங்கற சொல்லா இருக்கே டீச்சர்?"

"ஆமான்னு சொல்றதுக்கு நிறைய இலக்கணம் தேவைப்படும் சடையாண்டி."

அவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனான். பேச்சியம்மா புற்றுக் கரையானை வழித்து எடுத்து வைத்திருந்தாள். அவன் சாப்பிட்டு முடித்துக் கையை நக்கிக்கொண்டிருந்தபோது, பயிற்சிக்காக, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நாட் யெட்."

"இப்பத்தானே மொத்தத்தையும் வழிச்சீங்க!"

"பாடம் பேச்சி."

"எனக்குன்னு வெச்சிருந்ததையும் யாரு தின்னது?"

"நோ ஒன்" என்றான் சடையாண்டி. சொற்கள் வாய்க்குப் பழகத் தொடங்கியிருந்தன.

முதலாளி ஒரு போட்டி வைத்தார். வருகிற சனிக்கிழமைக் கூட்டத்தைச் சிங்காரம் அழைத்துப் போக வேண்டும். அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தைச் சடையாண்டி. யாருடைய விருந்தினர்கள் அதிக சந்தோஷமாக இருக்கிறார்களோ அவர் கைடு. தோற்றவர் சடையாண்டியாக இருந்தால் ஜெனரேட்டர் உள்ளே போகும். சிங்காரமாக இருந்தால் என்ன என்பதை முதலாளி சொல்லவில்லை. சிங்காரமும் கேட்கவில்லை. தோற்பது பற்றிய பாடத்தை அவன் எந்தக் குப்பைத்தொட்டியிலும் சாப்பிட்டதில்லை.

சனிக்கிழமை காலை வேன் வந்தது. கழுத்துப் பட்டையை ஒதுக்கிக்கொண்டு ஒரு அல்சேஷன் கேட்டார். "ஹேஸ் எனிஒன் சீன் எ டைகர் ஹியர்?" இங்கே யாராவது புலி பார்த்திருக்கிறார்களா?

"எவ்ரிஒன் ஹேஸ் சீன் ஹர்" என்றான் சிங்காரம். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். "ஐ ஹேவ் ஜஸ்ட் சீன் ஹர்." நானே இப்பத்தான் பார்த்துவிட்டு வருகிறேன். கொக்குகள் அதனதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தன. சடையாண்டி குகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வாக்கியத்தைப் பார்த்து அவன் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

சிங்காரம் அவர்களை நேராக ஏரிக்கு அழைத்துப் போனான். காட்டில் இருப்பவர்களுக்கு இதில் விசேஷமே இல்லை. மரகதம் தினமும் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்ப்பது மழையைப் பார்ப்பதுபோலத்தான். ஒதுங்கி நின்றுவிட்டு, அப்புறம் வேலையைப் பார்க்கப் போவார்கள். அன்றும் உட்கார்ந்திருந்தாள். விருந்தினர்கள் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். ப்ளாஷ் மின்னி மின்னி மரகதத்துக்குக் கண்ணில் நீர் வழிந்தது. முதுகு தேய்க்காமலே எழுந்து புதருக்குள் போய்விட்டாள்.

"வி ஹேவ் ஆல்ரெடி சீன் எவ்ரிதிங்" என்றார் அல்சேஷன். எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. மத்தியானம் பிரியாணி அடுப்பில் இருக்கும்போதே வேன் கிளம்பிவிட்டது.

முதலாளி காலி அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "எங்கய்யா அவங்க?"

"சந்தோஷமாப் போனாங்க முதலாளி."

"ஏன் போனாங்க?"

"பார்த்துட்டாங்க."

"பார்த்துட்டா?"

"போயிடுவாங்க."

பிரியாணி முழுவதையும் முதலாளியே உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிடும்போது முகத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அன்று அது முழு யோசனையாகத் திரளவில்லை.

அடுத்த சனிக்கிழமை சடையாண்டி முடியெல்லாம் சீவிக்கொண்டு வாசலில் நின்றான். பேச்சியம்மா கஷ்டப்பட்டு எழுந்து வந்து ஜெனரேட்டரில் சாய்ந்துகொண்டாள்.

"ஐ ஹேவ் ஜஸ்ட் சீன் ஹர். சொல்லுங்க பார்ப்போம்."

"ஐ ஹேவ் ஜஸ்ட் சீன் ஹர்."

"அதான். அதை மட்டும் சொல்லுங்க. ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நரி செஞ்சதையே செஞ்சிட்டு வாங்க. வேற எதுவும் வேணாம்."

வேன் கதவு திறந்தது. முதலில் இறங்கியவர் மேக்ஸ் என்ற லேப்ரடார். பின்னால் ஸ்வீட்டி என்ற பொமரேனியன் அம்மாள். அதற்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பக். இன்னும் சிலர். மேக்ஸ் சடையாண்டியை மேலும் கீழும் முகர்ந்துவிட்டுக் கேட்டார்.

"ஹேவ் யூ எவர் சீன் எ டைகர் ஹியர்?"

சடையாண்டி சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் எவர் என்ற கொக்கைக் கண்டதும் வாய் அதுபாட்டுக்குத் திறந்து, "நெவர்" என்றது.

மேக்ஸின் காது நிமிர்ந்தது. "ஹேஸ் எனிஒன்?" வேறு யாராவது?

"நோ ஒன்" என்றது வாய்.

வாசலில் பேச்சியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவது தெரிந்தது. சிங்காரம் மரத்தடியில் புரண்டு சிரித்தான். முதலாளியின் பிடரி முடி சிலிர்த்து நின்றது. சடையாண்டி தன் சொற்களில் மிச்சமிருந்ததைத் தேடினான். எதையாவது சொல்லி இதைச் சரிக்கட்ட வேண்டும்.

"நாட் யெட்" என்றான்.

இன்னும் இல்லை.

ஸ்வீட்டி அம்மாள், "நோ ஒன் ஹேஸ் எவர்..." என்று மெல்ல ஆரம்பித்து, முடிக்காமல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்படியென்றால் முதலில் பார்க்கப்போவது? யெட் என்ற அந்த ஒற்றை வால் ஆடத் தொடங்கியதும் விருந்தினர்களின் வால்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. பக் கூட ஆட்டினார். அவருக்கு ஆட்டுவதற்கு வால் அதிகம் இல்லை.

அன்று காடு காடாக இல்லை. வழியில் சடையாண்டி முதுகு தேய்க்கும் வாகை மரம் இருந்தது. பட்டை உரிந்து கிடந்தது. "சம்திங் ஹேஸ் பீன் ஹியர்" என்றார் ஸ்வீட்டி, குரலை இறக்கி. ஏதோ ஒன்று இங்கே வந்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்று கூச்சத்தோடு பக்கத்தில் நின்று, "நத்திங்" என்றது. அவ்வளவு அடக்கமான கைடை அவர்கள் பார்த்ததில்லை. ஒரு குப்பைமேட்டைப் படம் எடுத்தார்கள். காய்ந்த சாணத்தைச் சுற்றி உட்கார்ந்து விவாதித்தார்கள். ஒரு சருகு அசைந்தால் எல்லாரும் படுத்துக்கொண்டார்கள். ஒன்றும் தெரியாமல் சாயங்காலம் திரும்பியபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் தங்கினார்கள். அன்றும் எதுவும் பார்க்கவில்லை. சாயங்காலம் வர வேண்டிய வேன்காரனிடம் திங்கட்கிழமை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளியின் முகத்தில் போன வாரம் ஓடிய அது இப்போது திரண்டு வந்திருந்தது. சடையாண்டி அவரைத் தனியாகப் பிடித்தான்.

"வேலை கெட்டியா முதலாளி?"

"நாட் யெட்" என்றார் முதலாளி. அவருக்கும் அந்தச் சொல் பிடித்துப்போயிருந்தது. "இவங்க கிளம்பறப்போ எப்படிக் கிளம்பறாங்கன்னு பார்க்கணும்." ஜெனரேட்டரின் தார்ப்பாயை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதனால் திங்கட்கிழமை காலையில் சடையாண்டி விருந்தினர்களை ஏரிப் பக்கமே அழைத்துப் போகாமல், மேட்டைச் சுற்றி முள்ளுக்காட்டு வழியாக நடத்தினான். புலி எங்கே இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். எங்கே இருக்கமாட்டாள் என்றும் தெரியும். ஆனால் போன வாரத்து ப்ளாஷுக்குப் பயந்து மரகதமும் ஏரிக்குச் சுற்று வழியில் போகத் தொடங்கியிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. வளைவு திரும்பியதும், வழியை அடைத்துக்கொண்டு, காலை வெயில் கோடு கோடாக மேலே விழ, எதிரே நின்றாள்.

"என்ன சடையாண்டி" என்றாள் மரகதம். "பேச்சி குட்டி போட்டாளா?"

சடையாண்டி திரும்பிப் பார்த்தான். சிட் என்று யாரும் சொல்லாமலே விருந்தினர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஸ்வீட்டி அம்மாள் சடையாண்டியின் பின்னங்கால் முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். காமரா ஒன்று புல்லில் உருண்டு கிடந்தது. மேக்ஸ் மட்டும், வயிறு தரையோடு ஒட்டியிருக்க, உதட்டை அசைத்தார்.

"ஹேஸ்... சம்திங்... ஜஸ்ட்... கம்?"

ஏதோ ஒன்று இப்போது வந்ததா?

சடையாண்டிக்குச் சிங்காரத்தின் வேன் நினைவுக்கு வந்தது. பார்த்துட்டா போயிடுவாங்க. மத்தியானத்துக்குள் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் ஜெனரேட்டர் உள்ளே போய்விடும். பேச்சியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்தப் பாறையைத் தேடிப் போவாள்? ஆமாம் என்று சொல்ல அவனுக்கு இலக்கணம் போதாது. எதிரே நிற்பவளை வைத்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? அவன் மரகதத்தைப் பார்த்தான். மேக்ஸைப் பார்த்தான்.

"நத்திங்" என்றான்.

மரகதம் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டிருப்பாளே தவிர, காது திறந்துதான் இருந்தது.

"யாரைச் சொல்றே?" என்றாள். "நத்திங்கா நானு?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றான் சடையாண்டி. அவன் தமிழில் பேசியதால் விருந்தினர்களுக்கு அது வெறும் உறுமலாகக் கேட்டது. "இவங்க உங்களைப் பாக்காத வரைக்குந்தான் எனக்கு வீடு. பார்த்துட்டா அடுத்த வேன்ல இன்னொரு கூட்டம் காமராவைத் தூக்கிட்டு வரும். நீங்களும் ஜென்மத்துக்கு முதுகு தேய்க்க முடியாது."

"பாக்கலைன்னா வரமாட்டாங்களா?"

"வருவாங்கக்கா. இன்னும் நெறையப் பேர் வருவாங்க. ஆனா ஏரிப் பக்கம் கூட்டிட்டு வரமாட்டேன். சாணியைக் காட்டியே அனுப்பிடறேன்."

"யாரு சாணி?"

"எருமையோடதுக்கா."

மரகதம் யோசித்தாள். புலி யோசிக்கும்போது பக்கத்தில் நிற்பது அவ்வளவு சுகமில்லை. பிறகு அவள் இரண்டடி முன்னால் வந்து, உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நோ ஒன் ஹேஸ் கம்."

யாரும் வரவில்லை. சொல்லிவிட்டு அவர்களைத் தாண்டிக் குளிக்கப் போனாள்.

புதர் அசைவது நின்று வெகுநேரத்துக்கு அப்புறம் மேக்ஸுக்கு மூச்சு வந்தது. உடம்பை உதறினார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். புலியைப் பார்த்தோம் என்றால் உட்கார்ந்ததையும், புல்லை நனைத்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

"வி ஹேவ் சீன் நத்திங்" என்றார் மேக்ஸ்.

"நத்திங்" என்றார்கள் எல்லாரும், வகுப்பில் சொல்வதுபோலக் கோரஸாக. பக் கண்ணைத் திறந்தார். "யெட்" என்றார் ஸ்வீட்டி அம்மாள், மெல்லிய குரலில், கௌரவமாக.

அன்று மத்தியானம் அவர்கள் முதலாளியின் முன்காலைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்த மாதமே திரும்பி வருவதாகச் சொன்னார்கள். பட்டணம் போனதும், யாருமே இதுவரை புலி பார்க்காத காடு ஒன்று இருக்கிறது என்று பூங்காவில் சந்தித்தவர்களிடமெல்லாம் பேசினார்கள். சனி ஞாயிறு போதாமல் வாரம் முழுக்க வேன்கள் வரத் தொடங்கின. எதுவும் பார்க்காமல் மூன்று நாள், நான்கு நாள் தங்கி, நிறைந்த மனத்தோடு போனார்கள். குகை குவார்ட்டர்ஸ் ஆனது. முதலாளி அதன் வாசலில் ஒரு பலகைகூட மாட்டினார்.

சிங்காரத்துக்கும் வேலை போகவில்லை. அவனைக் கொண்டுபோய் வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். போன் அடித்தால் எடுத்து, "ஆல் தி ரூம்ஸ் ஹேவ் ஆல்ரெடி பீன் டேக்கன்" என்று சொல்வான். எல்லா அறையும் ஏற்கெனவே போய்விட்டது. அவனுடைய ஆல்ரெடிக்குக் கடைசியில் ஒரு நல்ல இடம் கிடைத்தது. இரவும் பகலும் அங்கேயே இருந்ததால் காலியாகக் கிடந்த அவனுடைய வளையில் ஜெனரேட்டரை வைத்துவிட்டார்கள். பெருச்சாளி இன்ஜினியர் வளையைத் தட்டிப் பார்த்து, இதுதான் முதலிலிருந்தே தான் சொன்ன இடம் என்றது.

ஒரு நாள் எஸ்தர் டீச்சர் பறந்துபோகிற வழியில் குகைப் பக்கம் இறங்கினார். சடையாண்டி வாசலில் உட்கார்ந்திருந்தான். ஒரு குட்டி அவன் காதைக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று முதுகில் ஏறி, இறங்க வழி தெரியாமல் அழுதுகொண்டிருந்தது.

டீச்சருக்குத் தன் மாணவனைச் சோதிக்க ஆசை வந்தது. "ஹேஸ் பேச்சியம்மா ஹேட் ஹர் கப்ஸ் யெட்?" என்று கேட்டார். குட்டிகள் பிறந்தாயிற்றா?

"நாட் யெட்" என்றான் சடையாண்டி.

உள்ளேயிருந்து ஒரு தேங்காய் ஓடு பறந்துவந்து அவன் தலையில் விழுந்தது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அவன் சொன்னதை மனசுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"ரொம்ப சரி" என்றார்.

நீதி: ஆங்கிலம் அவசியம் கற்க வேண்டும். உண்மையைச் சொல்கிற பாடம் வருவதற்குள் நின்றுவிட வேண்டும்.